ஒரு மூட்டைக்கு முப்பத்து நாலு கல்

2024 மே 14, செவ்வாய்

இன்று காலை ஐந்தே முக்காலுக்குக் கடைக்குப் பின்னால் இருந்த சுவர் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. சுவரோரம் அடுக்கி வைத்திருந்த நாற்பது மூட்டை சீமெந்து சேற்றுக்குள் போய்விட்டது.

எட்டடி உயரம், முப்பதடி நீளம். மலையை வெட்டிக் கடை போட்டால் பின்னால் நிற்கும் மண்மேட்டைத் தாங்க ஒரு சுவர் வேண்டும். ஹட்டனில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஹாட்வெயார் கடைக்காரனுக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கல், என் கல் பட்டறை வாடியில் அடித்த சீமெந்துக் கல். சீமெந்து, என் கடைச் சீமெந்து. கட்டியவன் சின்னராசா மேசன். யோசனையும் என்னுடையது.

'நாலடிக்கு ஒரு பைப் துண்டு வச்சு ஓட்டை விடுவோம் மொதலாளி, மண்ணுக்குள்ள நிக்கிற தண்ணி வெளிய வரணும்' என்று அவன் அப்போதே சொன்னான். சுவரில் தண்ணீர் ஒழுகினால் கடைக்கு வருகிறவன் என்ன நினைப்பான் என்று நான் கேட்டேன். ஓட்டை இல்லாமல், வழவழவென்று பூசி, மஞ்சள் பெயின்ட் அடித்து, ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி 'உறுதிக்கு முத்துலிங்கம் ஹாட்வெயார்' என்று ஆளுயர எழுத்தில் எழுதி, கடைசியில் என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டோம். மார்ச்சில் வேலை முடிந்தது.

முப்பதடியில் இப்போது ஐந்தடி நிற்கிறது. அதில் இருப்பது இலக்கம்.

மே 15

எவனோ போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டான். இருபத்து மூன்று அழைப்பு. ஒருவன் சுவரைத் துண்டாக விற்பீர்களா என்று கேட்டான். ஒருவன், உறுதி ஸ்டொக்கில் இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்றான். டோஹாவிலிருந்துகூட ஒருவன் காசு செலவழித்துக் கூப்பிட்டுச் சிரித்தான்.

போனை அணைத்துவிடுங்கள் என்றாள் நிஷாந்தி. கட்டின பெண்டாட்டிக்கு இன்னும் வியாபாரம் புரியவில்லை. இருபத்து மூன்றில் இரண்டு பேர் உண்மையான வாடிக்கையாளர்கள், விலை கேட்டார்கள். இருவரும் சீமெந்து மட்டும் போதும், கல் வேண்டாம் என்றார்கள்.

மே 16

சின்னராசா வந்தான். விழுந்து கிடந்த கல் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையிலிருந்த ஆணியால் கீறினான். ஆணி ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது. எப்போது அடித்த கல் என்றான். தை மாதம் என்றேன். ஒரு மூட்டைக்கு எத்தனை என்றான். நான் மண்மேட்டைப் பார்த்தேன்.

சரி, இங்கேயாவது எழுதுகிறேன். இந்த டயறியை யார் படிக்கப் போகிறார்கள்.

வாடியில் மிஷின் ஓட்டும் பொன்னையா ஆரம்பத்தில் ஒரு மூட்டை சீமெந்துக்கு இருபத்தைந்து கல் அடித்தான். கல்தூளைக் கொஞ்சம் கூட்டி இருபத்தெட்டு ஆக்கச் சொன்னேன். பார்த்தால் கல்லாகத்தான் இருந்தது. முப்பது. அதுவும் கல்தான். முப்பத்து நாலு என்றபோது பொன்னையா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. புரியாதவன் போல எல்லோருக்கும் டீ சொன்னேன்.

அப்புறம் தண்ணீர். அடித்த கல்லைப் பதினாலு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் சீமெந்து பிடித்து இறுகும். கொழும்பில் வெயில், அங்கே கல் அடிக்கிறவன் ஊற்றுகிறான். ஹட்டனில் பனி, மூட்டம், மழை. வானமே ஊற்றும்போது நான் எதற்குக் குழாயைத் திறக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டேன். கல் அடுக்கியிருந்த இடத்துக்கு மேலே நானே போட்ட தகரக் கூரை இருந்தது. மூட்டத்தைப் பார்த்தவன் கூரையைப் பார்க்கவில்லை. தை மாதக் குளிருக்குச் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஏழாம் நாள் லொறியில் ஏற்றிவிட்டேன். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் கொழுந்து பறிக்க அனுப்பினது மாதிரி.

போகும்போது சின்னராசா சொன்னது: 'நல்ல கல்லா இருந்தாலும் மேலருந்து வர்ற பாரத்ததான் மொதலாளி தாங்கும். பக்கத்துல இருந்து தள்ளுனா தாங்காது. மண்ணு பக்கத்துல இருந்துதான் தள்ளும். அதுக்குக் கருங்கல்லுதான், அடி அகலமா. இது நல்ல கல்லும் இல்ல.'

மே 17

சர்மிளா கூப்பிட்டாள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, ஏழு பேர்ச் துண்டுக் காணி கிடைத்து, பெப்ரவரியில் வீட்டை முடித்தாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். வீட்டில் இவளும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளும்.

'போட்டோ பார்த்தேன் அண்ணே. அந்தக் கல்லும் எனக்கு அனுப்புன கல்லும் ஒண்ணா?'

'சேச்சே. அது பழைய ஸ்டொக் தங்கச்சி.'

ஒரு கியூப் மணலுக்கு விலை சொல்ல அரை நாள் யோசிக்கிறவன் நான். இதை ஒரு நொடியில் சொல்லிவிட்டேன்.

மே 18

பில் புத்தகம் பார்த்தேன். ஒரே கல்தான். ஜனவரி 22 அடித்தது. என் சுவருக்கு இருநூற்று எண்பது. அவளுக்கு அறுநூறு. மிச்சம் ஒருவர் மாட்டுத் தொழுவத்துக்கு வாங்கினார். மாடு இன்னும் போன் பண்ணவில்லை.

மே 19, ஞாயிறு

நோட்டன் பிரிட்ஜ் போனேன். நிஷாந்தியிடம் கோயில் என்று சொன்னேன். கையில் வெற்றிலை பாக்கு இல்லை, ஒரு டின் நீர்காப்புப் பெயின்ட் இருந்தது. அவள் டின்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

போகிற வழியெல்லாம் ஒரு விஷயத்தை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. போன வருடம் சர்மிளா என் கவுண்டரில் வீட்டுப் படத்தை விரித்தாள். படத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வீட்டின் பின்சுவர், அதற்கப்பால் தண்ணீர் ஓடக் கான், அதற்கப்பால் மண்ணைத் தாங்க ஒரு கருங்கல் சுவர். நான்தான் பென்சிலை எடுத்தேன். ஏழு பேர்ச்சில் கானுக்கு நாலடி விட்டால் வாழ இடம் எங்கே இருக்கிறது, வீட்டின் பின்சுவரையே மண்ணோடு சேர்த்துக் கட்டு, ஒரே சுவரில் இரண்டு வேலையும் முடியும் என்று கோடு போட்டுக் காட்டினேன். மலையில் பாதிப் பேர் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். அது உண்மைதான். கருங்கல் என்னிடம் கிடையாது, சீமெந்துக் கல் உண்டு என்பதும் உண்மை. அவள் நன்றி சொல்லி குவைத் சொக்லேட் ஒரு டப்பா தந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்து நான் ஒருவனாகத் தின்றேன்.

வீடு துப்புரவாக இருந்தது. பின்னறை மகளுடையது. சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது, ஈரத்தின் ஓரத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளை. புத்தக மேசையைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். கட்டிலை நகர்த்த இடமில்லை. தலைமாடு சுவரோடு.

சர்மிளா தேத்தண்ணி போடப் போன நேரம் நான் பையிலிருந்த நூலில் கடைச் சாவியைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சுவர் நடுவில் ஒரு விரல் அளவு உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. நம்பிக்கை வராமல் சாவியால் தட்டியும் பார்த்தேன்.

'என்ன அண்ணே, சுவரத் தட்டித் தட்டிப் பார்க்கிறீங்க. பலாப்பழமா?'

பெயின்ட் ஒட்டுமா என்று பார்க்கிறேன் என்றேன். டின்னைக் கொடுத்தேன். எவ்வளவு என்றாள். சும்மாதான் என்றேன். அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அவள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், காலாவதித் தேதி தேடினாள் போல. முத்துலிங்கம் அண்ணன் கடையில் ஓராணி கூட சும்மா விழாதே என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

வரும்போது முற்றத்தில் மிஞ்சிக் கிடந்த கல்லில் ஒன்றை, மாதிரிக்கு வேண்டும் என்று சொல்லி என் வான் வண்டியில் போட்டுக்கொண்டேன். என்ன மாதிரி, எதற்கு மாதிரி என்று அவள் கேட்காதது இன்னும் மோசம்.

மே 21

கல்லை அடுப்படியில் இரண்டு நாள் காயவைத்தேன். இன்று நிறுத்தேன். பதினாலு கிலோ. பீப்பாத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். நிஷாந்தி பார்த்துவிட்டு, உங்களுக்கும் கல்லுக்கும் சேர்த்துச் சமைக்கவா என்றாள்.

மே 22

வெளியே எடுத்து, துடைத்து, நிறுத்தேன். பதினாறே கால். கல்லா பஞ்சா. இப்படிக் குடிக்கிற கல்லுக்கு மண்மேட்டு ஈரத்தில் என்ன பலம் மிஞ்சும்.

இடுப்பளவு தூக்கிக் கீழே போட்டேன். நல்ல கல் என்றால் முனை உடையும், அதிகம் போனால் இரண்டாகும். இது நாலாகி, ஒரு துண்டு பொடியாகி, பக்கத்து வீட்டுப் பூனை ஓடியது.

மே 23, வெசாக் போயா

பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. காலையிலிருந்து மழை. வானொலியில் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை, மஞ்சள். வீதியில் வெசாக் விளக்குக் கூடுகள் நனைந்து தொங்குகின்றன.

நிஷாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்ட் டின்னைப் பார்த்தபோதே கோயில் இல்லை என்று தெரியும் என்றாள்.

சர்மிளாவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. நாளைக்கு என் கல் வாங்கின எல்லோரும் வாசலில் நிற்பார்கள். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையில் பிறந்து, இந்த டவுனில் மூட்டை தூக்கி, இருபத்தெட்டு வருடம் பாடுபட்டுப் போட்ட கடை. இதையெல்லாம் நிஷாந்தியிடம் நியாயமாக, வரிசையாக எடுத்து வைத்தேன். நான் பேசினால் வங்கி மனேஜரே தலையாட்டுவார்.

அவள் பருப்பு களைந்துகொண்டே கேட்டாள்: 'அந்தப் புள்ள தலை எந்தப் பக்கம்னு சொன்னீங்க?'

சுவர்ப் பக்கம்.

மே 24

மழை விடுவதற்குள் சர்மிளா வீட்டுக்குப் போனேன். இன்று கையில் டின் இல்லை.

வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் வேறு கதை பேசி எழுந்து வந்துவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதே கல்தான். முப்பத்து நாலு. ஏழு நாள். போனில் சொன்னது பொய். பென்சில் பிடித்ததும் நான்தான்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் வசதி. பதிலுக்கு நானும் ஏதாவது கத்தி, கடைசியில் அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் பின்னறைக்குப் போய் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

'ஆறு வருசம் இன்னொருத்தி வீட்டுச் சுவரத் தொடச்சேன். தெரியுமா உங்களுக்கு? தினம். ஏணி போட்டு. எனக்குன்னு ஒரு சுவர் கட்டணும்னுதான்.'

தெரியும் என்றேன். என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது.

'சரி. இன்னைக்கு நீங்க அந்த ரூம்ல படுங்க மொதலாளி. நாங்க முன்னால படுத்துக்கிறோம். விடிஞ்சதும் பேசுவோம்.'

இத்தனை நாள் அண்ணே. இன்று மொதலாளி.

கடையில் வேலை இருக்கிறது என்றேன். எழுதும்போதே கூசுகிறது. இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், இதைத்தான் எதிர்பார்த்தது போல. பின் மகளின் கட்டிலை ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் நான் பிடித்தேன். முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டோம். இடம் போதாமல் கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. அந்தப் பாதி வழியாக வெளியே வந்தேன்.

மே 26, ஞாயிறு

சின்னராசாவைச் சர்மிளா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மற்ற மூன்று சுவரையும் தட்டி, கீறிப் பார்த்தான். அவை கூரைத் தகரத்தை மட்டும் தாங்குகின்றன, மேலிருந்து வரும் சின்னப் பாரம், நிற்கும் என்றான். பின்சுவர் மட்டும் இருக்கக் கூடாது.

புதுக் கல் இலவசமாகத் தருகிறேன் என்றேன் நான், பெரிய மனது பண்ணி.

'உங்க கல்லா?' என்றாள்.

அதற்கு மேல் அவள் பேச, நான் கேட்டேன். மண்ணுக்குக் கருங்கல் சுவர். அடியில் அகலம் மூன்றடி, மேலே ஒன்றரை. நாலடிக்கு ஒரு பைப் ஓட்டை, சுவருக்குப் பின்னால் உடைத்த கல் நிரப்ப வேண்டும். பிறகு கான். கானுக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு வேறு சுவர். அதாவது, பென்சில் வருவதற்கு முன்னால் அவள் படத்தில் என்ன இருந்ததோ அது. பின்னறையில் நாலடி போகும். அந்த நாலடியை வீட்டுக்கு முன்னால் விறாந்தையாகத் தர வேண்டும். மகள் படிக்க. ஜன்னலோடு.

ஜன்னலுமா என்றேன். ஜன்னலும்தான் என்றாள்.

சின்னராசா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பை அடக்குகிறவன் எப்போதும் கூரையைத்தான் பார்ப்பான்.

மே 29

மஃறூப் நானாவின் குவாரிக்குப் போனேன். பத்து வருடமாக அவருடைய கருங்கல்லை இறக்கிப் பேசித்தான் என் கல்லை விற்றேன். கூலி கூட, கட்ட நாளாகும், ஆள் கிடையாது என்று. அவருக்கும் அது தெரியும்.

'சொல்லுங்க முத்துலிங்கம். வழி தவறி வந்தீங்களா?'

கல் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சொன்னேன். சுவர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு இரண்டு தேத்தண்ணி வரவழைத்தார். குடித்து முடிந்ததும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அதற்கு முன்னால் ஏற்றித் தருகிறேன் என்றார். விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அதுதான் அந்த மனிதனிடம் எனக்குப் பிடித்தது.

ஜூன் 2

விடாமல் மழை. காலையும் மாலையும் சர்மிளாவுக்குப் போன் பண்ணுகிறேன். சுவர் நிற்கிறதா? நிற்கிறது. இன்று மாலை மகள் எடுத்தாள். 'சுவர் நல்லா இருக்கு, சாப்பிட்டுச்சு, உங்களக் கேட்டுச்சு' என்றாள்.

ஜூன் 8, சனி

மழை விட்டது. சர்மிளா வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மேலிருந்து மண்ணை எடுக்க ஆரம்பித்தோம். மிஷின் வேண்டாம், அதிர்வுக்கே விழும் என்று சின்னராசா மண்வெட்டியால்தான் வெட்ட வைத்தான். ஆள் போதவில்லை. நானும் கூடை எடுத்தேன். நாலாவது கூடையில் நெஞ்சு அடைத்து உட்கார்ந்துவிட்டேன். மூட்டை தூக்கி வளர்ந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

ஜூன் 9

இடுப்பு.

ஜூன் 12

மண் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கூரைக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. சுவர் தனியாக நின்றது, பாவம் போல. நாலு மாதமாக இதுதான் ஒரு மலையைப் பிடித்துக்கொண்டு நின்றதா என்று இருந்தது.

இடிக்கலாமா என்றான் சின்னராசா. சர்மிளா அவன் கையிலிருந்து நீண்ட இரும்பு அலவாங்கை வாங்கினாள். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, நீட்டிப் பிடித்து, நடுவில் ஒரு தரம் அழுத்தினாள். குத்தக்கூட இல்லை. அழுத்தினாள். ஐந்து வரிசை ஒன்றாக வந்து மகள் கட்டில் கிடந்த இடத்தில் விழுந்தது. கட்டிலின் நாலு கால் அடையாளமும் தரையில் இருந்தது, கல் அதன்மேல் கிடந்தது.

சர்மிளா அலவாங்கைக் கீழே போட்டாள்.

'இவ்வளவுதானா' என்றாள்.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செருப்பு. தேயும் வரை பார்த்திருப்பேன்.

ஜூன் 14

கருங்கல் எல்லாம் வந்து சேர்ந்தது. லொறி மேலே ஏறாது. ரோட்டிலிருந்து ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு கல்லையும் சின்னராசா உருட்டிப் பார்த்து முகம் பார்த்து வைக்கிறான், பெண் பார்க்கிற மாதிரி. கருங்கல்லுக்குப் பொறுமை வேண்டும். என்னிடம் இல்லாததால்தான் நான் அதை விற்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 26

சுவர் முடிந்தது. ராத்திரி பெய்த மழைக்குக் காலையில் பதினொரு பைப்பிலும் தண்ணீர் வந்தது. மண்கலங்கலாக, சொட்டுச் சொட்டாக. சர்மிளா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒழுகுகிற சுவரைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது, பேஸ்புக்கிலா.

மாட்டுத் தொழுவத்தையும் போய்ப் பார்த்தேன். அரைச்சுவர், பின்னால் மண் இல்லை. நிற்கும். மாடு என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டின் புதுப் பின்சுவருக்கும் விறாந்தைக்கும் கல் வேண்டும். சீமெந்துக் கல் போதும் என்று சின்னராசாவே சொன்னான். சரி, யாருடைய கல்? வாடியைப் பார்க்க வேண்டும் என்று சர்மிளா வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு.

இந்த ஒரு மாதமாக இருபத்தைந்துக்குத்தான் அடிக்கிறோம் என்று பெருமையாகக் காட்டினேன். அவள் அடுக்கின் நடுவிலிருந்து, தானே தெரிந்தெடுத்து, ஒரு கல்லை இழுத்தாள். இடுப்பளவு தூக்கிப் போட்டாள். முனை மட்டும் உடைந்தது. இன்னொன்று. உடையவில்லை. மூன்றாவது இரண்டாகப் பிளந்தது. எப்போது அடித்தது என்று பொன்னையாவைக் கேட்டாள். அவன் விரல் விட்டு எண்ணி, ஒன்பது நாள், இல்லை எட்டு என்றான். எதில் எழுதியிருக்கிறது என்றாள். எதிலும் எழுதவில்லை.

அவள் வாடியைச் சுற்றிப் பார்த்தாள். தகரக் கூரை, சுருட்டி மாட்டின ரப்பர் குழாய், குழாயில் சிலந்தி.

'இந்த எடத்துக்கு ஒரு ஆள் வேணும் மொதலாளி.'

ஆள் இருக்கிறானே, பொன்னையா, என்றேன்.

'பொன்னையா அண்ணன் நீங்க முப்பத்து நாலுன்னு சொன்னா முப்பத்து நாலு அடிப்பாரு. முடியாதுன்னு சொல்ற ஆள் வேணும்.'

பொன்னையா மிஷினுக்குப் பின்னால் போய்விட்டான். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூலை 1

சர்மிளாவையே வாடிக்கு வைக்கலாமா என்று நிஷாந்தியிடம் கேட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது, ஒரு மாதத்தில் உங்களிடம் இவ்வளவு வாங்கினவள் உங்களுக்காகப் பேசினால் எவ்வளவு வாங்குவாள் என்றாள்.

வியாபாரம் அவளுக்குப் புரியவில்லை என்று மே 15-இல் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்க வேண்டும்.

ஜூலை 4

சர்மிளா இன்று வேலைக்கு வந்தாள். முதல் வேலையாகக் கல் அடுக்கின பக்கத்துக் கூரைத் தகரத்தில் பாதியைக் கழற்றச் சொன்னாள். இரண்டாவது, குழாய். மூன்றாவது, ஒரு டின் பச்சைப் பெயின்ட் கேட்டாள், அடித்த தேதி போட. பில் போட்டுத்தான் எடுத்துப் போனாள்.

ஜூலை 14, ஞாயிறு

கடைக்குப் பின்னால் விழுந்த இடத்தில் மஃறூப் நானாவின் கருங்கல் ஏறிவிட்டது, ஓட்டையோடு. பெயின்ட் அடிக்கவில்லை. எழுத்தும் இல்லை. மிஞ்சி நின்ற ஐந்தடியையும் இடித்துவிட்டேன். ஆனாலும் அந்த இலக்கத்துக்கு இன்னும் அழைப்பு வருகிறது. போட்டோ சாகாது போல.

சீமெந்து மூட்டை வைக்கக் கடைக்குள் ஒரு சின்னத் தடுப்புச் சுவர் வேண்டும். இருநூறு கல் போதும். காலையில் லொறியோடு வாடிக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. என் கேட். என் பூட்டு. கூப்பிட்டேன், வந்தாள்.

அடுக்கைக் காட்டி ஏற்றச் சொன்னேன். அவள் கல்லில் இருந்த பச்சைத் தேதியைக் காட்டினாள். எட்டாம் தேதி அடித்தது. ஆறு நாள்தான் ஆகிறது.

உள்ளே வைக்கிற தடுப்புதானே, பாரமே இல்லையே, எனக்குத்தானே என்றெல்லாம் சொன்னேன். நான் பேசினால் வங்கி மனேஜரே தலையாட்டுவார் என்று முன்னால் எழுதினேன். அவர் ஆட்டுவார்.

'இருபத்திரெண்டாந் தேதி வாங்கண்ணே' என்றாள்.

அண்ணே என்றாள். லொறியைத் திருப்பிக்கொண்டு வெறும் லொறியாக வந்தேன். வழியெல்லாம் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தேன் என்று டிரைவர் நிஷாந்தியிடம் சொல்லியிருக்கிறான்.

பேசி முடித்ததை மறக்காமல் எழுதி வைக்கிறேன். சர்மிளாவுக்கு மாதச் சம்பளம் நாற்பத்தையாயிரம், ஞாயிறு வந்தால் தனி. விறாந்தை ஜன்னலோடு என் செலவு, சம்பளத்தில் கழிப்பதில்லை. ஒரு மூட்டைக்கு இருபத்தைந்து கல். பதினாலு நாள் தண்ணீர். மண்ணைத் தாங்கச் சுவர் என்று கேட்டு வருகிறவருக்குக் கல் இல்லை, மஃறூப் நானா குவாரிக்கு வழி சொல்லி அனுப்புவது. கேட் சாவி ஒன்றுதான், அது அவளிடம். ஆறு அங்குலக் கல் ஒன்று நூற்று இருபத்தைந்து ரூபாய், ஏற்றுக்கூலி தனி. எனக்கும் அதே விலை, இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு.